மழைக்குப் பிறகு பைக்கின் முன் டிஸ்க் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கிறது. பிரேக் ஆயிலை வீட்டிலேயே மாற்றி ஏர் எடுத்தால் சரியாகுமா?

வீட்டிலேயே செய்யலாம். ஆனால் ஆயிலை மாற்றி ஏர் எடுப்பதால் (உள்ளே தங்கிய காற்றை வெளியேற்றுவதால்) மட்டும் பிரேக் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் தீராது. சிஸ்டத்தில் காற்று இருந்தால் லிவர் பஞ்சு மாதிரி அமுங்கும், பிரேக் சரியாகப் பிடிக்காது. உங்களுக்கு நடப்பது நேர் எதிர்: பிடித்தது விடவில்லை. அதற்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கும். முதலில் அந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள், ஆயிலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எனக்கு இது புரிய ஒரு வருடம் ஆனது. தூத்துக்குடியில் இருக்கிறேன். உப்பளக் காற்றில் எந்த அலுமினியமும் வெள்ளை பூத்துவிடும் ஊர். என் 150 சிசி பைக்கின் முன் பிரேக் இப்படித்தான் ஒட்டிக்கொண்டது. கொண்டுபோன ஒர்க்ஷாப்பில் மூன்று முறை பேட் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் கட்டை) மாற்றினார்கள், ஒரு முறை ஆயில் மாற்றினார்கள். பத்து நாள் நன்றாக இருக்கும், பிறகு பழைய கதை. ஒருநாள் திருநெல்வேலி போகும்போது வாகைக்குளம் தாண்டியதும் வண்டி இழுக்கவே இல்லை. இறங்கிப் பார்த்தால் டிஸ்க்கிலிருந்து கருகிய வாடை, வண்டியைத் தள்ளவும் முடியவில்லை. தண்ணீர் ஊற்றலாம் என்று கை போனது, நல்லவேளை ஊற்றவில்லை. அவ்வளவு சூட்டில் ஊற்றினால் டிஸ்க் வளைந்துவிடலாம். அரை மணி நேரம் ஆறவிட்டதும் தானாகவே விட்டுக்கொடுத்தது. வேகத்தில் போகும்போது முன் சக்கரம் இறுகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் கேட்டுக்கொள்கிறேன், பிரேக் ஒட்டுகிற வண்டியை "இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம்" என்று ஓட்டாதீர்கள்.

சரி, பழுதைக் கண்டுபிடிக்கும் வழி. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, முன் சக்கரம் தரையைத் தொடாதபடி நிறுத்துங்கள். பிரேக் ஒட்டியிருக்கும் நேரத்திலேயே, கேலிப்பரில் (டிஸ்க்கைக் கவ்வியிருக்கும் பகுதி) இருக்கும் ஏர் நிப்பிளில் (ஏர் எடுக்கத் திறக்கும் சின்னத் திருகு) துணியைச் சுற்றிக்கொண்டு கால் திருப்பு மட்டும் திறந்து மூடுங்கள். ஆயில் சீறி வந்து, சக்கரம் உடனே விட்டுச் சுழன்றால் உள்ளே அழுத்தம் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். குற்றவாளி மேலே ஹேண்டில்பாரில், லிவர் அமுக்கும்போது ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர், அல்லது ஆயில் போகும் வழியான, உள்பக்கம் வீங்கிப்போன ஹோஸ். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் இறுக்கமாகவே இருந்தால் குற்றவாளி கேலிப்பர். பேடைத் தள்ளும் பிஸ்டனோ, கேலிப்பர் நகர்கிற பின்னோ சிக்கியிருக்கிறது.

மாஸ்டர் சிலிண்டர் என்றால், அதோடு இருக்கும் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து அடியில் பாருங்கள். இரண்டு துளைகள் இருக்கும். ஒன்று ஊசி முனை அளவுதான். லிவரை விட்டதும் ஆயில் டப்பாவுக்குத் திரும்புகிற வழி அந்தச் சின்னத் துளை. பழைய ஆயிலின் கசடு அதை அடைத்துவிட்டால், பிரேக் சூட்டில் விரிகிற ஆயில் போக இடமில்லாமல் பேடை இன்னும் அழுத்தும். அழுத்தினால் இன்னும் சூடு, சூட்டில் இன்னும் அழுத்தம். புறப்படும்போது நன்றாக இருந்த வண்டி பத்து கிலோமீட்டரில் இறுகுவது இதனால்தான். லிவரை லேசாகத் தொடும்போது அந்தத் துளைக்கு மேல் ஆயில் சின்ன ஊற்று மாதிரி எழும்பினால் வழி திறந்திருக்கிறது. எழும்பாவிட்டால் மின்வயரின் ஒற்றைச் செம்பு இழையால் மெதுவாகக் குத்தி எடுங்கள். குண்டூசியால் துளையைப் பெரிதாக்கிவிடாதீர்கள். இன்னொன்று, வெளியில் வாங்கி மாட்டிய லிவர் சில சமயம் பிளஞ்சரை (மாஸ்டர் சிலிண்டருக்குள் ஆயிலைத் தள்ளும் தண்டு) கொஞ்சம் தள்ளியபடியே நிற்கும். அப்போதும் இந்தத் துளை மூடியே இருக்கும். லிவரில் துளியாவது சும்மா ஆட்டம் இருக்க வேண்டும்.

என் வண்டியில் பழுது கேலிப்பரில் இருந்தது. பிஸ்டனைப் பின்னால் இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் சதுர விளிம்பு ரப்பர் சீல், பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் வளைந்து, விட்டதும் பழையபடி திரும்பும். அந்தத் திரும்பலில்தான் பிஸ்டன் மயிரிழை பின்வாங்குகிறது. சீல் உட்காரும் பள்ளத்தில் உப்புப் பூத்தால் சீல் வளைய இடமிருக்காது, பிஸ்டனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எத்தனை பேட் மாற்றினாலும் இது போகாது.

கேலிப்பரின் இரண்டு போல்ட்டைக் கழற்றி, பேடை எடுத்துவிட்டு, லிவரை மெதுவாக அமுக்கி பிஸ்டனை அரை சென்டிமீட்டர் வெளியே வரவழையுங்கள். பழைய டூத் பிரஷும் சோப்புத் தண்ணீரும் போட்டுச் சுற்றிலும் தேய்த்து, நன்றாகத் துடைத்து, புது பிரேக் ஆயில் ஒரு சொட்டு தடவி, கையால் உள்ளே தள்ளுங்கள். ஐந்தாறு முறை இப்படிச் செய்தாலே பல வண்டிகள் சரியாகிவிடும். உள்ளே தள்ளும்போது மேலே டப்பாவில் ஆயில் ஏறும், வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பிஸ்டன் இருந்தால், இளகிய பிஸ்டன் ஓடி வந்துவிடும், சிக்கியது நகராது. இளகியதை ஒரு மரத்துண்டால் தடுத்துப் பிடித்தால் அழுத்தம் முழுவதும் மற்றதற்குப் போகும்.

அப்படியும் தீராவிட்டால் பிஸ்டனை முழுதாக எடுத்து சீல் கிட் மாற்ற வேண்டும். ஹோஸைக் கழற்றும் முன்பே லிவர் அழுத்தத்தால் பிஸ்டனை வெளியே கொண்டுவந்துவிடுங்கள். கழற்றிய பிறகு அதைத் தள்ள எதுவும் இருக்காது. கம்ப்ரசர் காற்று வைத்துத் தள்ளினால் பிஸ்டன் தோட்டா மாதிரி வரும், விரல் போய்விடும். பள்ளத்தில் உள்ள வெள்ளைப் பொருக்கைப் பல் குத்தும் குச்சியால் சுரண்டுங்கள், ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். பிஸ்டனில் துரு குழி விழுந்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், புதிது வாங்குங்கள். கேலிப்பர் நகரும் பின்களுக்கு சிலிக்கான் கிரீஸ். சாதாரண கிரீஸ், டீசல், இன்ஜின் ஆயில் எதுவும் இந்த ரப்பர்களில் படக்கூடாது. ஊதிப்போகும், மறுபடி ஒட்டும்.

இப்போது ஏர் எடுப்பது. டப்பா மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று எழுதியிருக்கும், அதையே வாங்குங்கள். டாட் 5 என்பது சிலிக்கான் வகை, இவற்றோடு கலக்கவே கூடாது. டாட் 5.1 பெயரில் நெருக்கமாக இருந்தாலும் அது டாட் 4-இன் இனம். இந்த ஆயில்கள் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4-க்கு விதிப்படி கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு 155. அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். புதிது வைக்கோல் நிறம், பழையது டிகாக்ஷன் நிறம். திறந்து பல மாதம் கிடந்த பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

8 எம்எம் ரிங் ஸ்பேனரை நிப்பிளில் மாட்டிவிட்டு, அதன் மேல் மீன் தொட்டிக்கு வாங்கும் தெளிவான டியூபைச் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் புது ஆயில் உள்ள பாட்டிலுக்குள் மூழ்க விடுங்கள். டேங்க்கை ஈரத்துணியால் மூடுங்கள். இந்த ஆயில் பெயின்ட்டை உரித்துவிடும், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

எங்கள் வீட்டில் மகள்தான் லிவர் பிடிப்பாள். மெதுவாக மூன்று முறை அமுக்கிவிட்டுப் பிடித்துக்கொள்வாள். நான் நிப்பிளைக் கால் திருப்பு திறப்பேன். "இறங்கிருச்சுப்பா" என்பாள். நான் மூடிவிட்டு "விடு" என்று சொன்ன பிறகுதான் விடுவாள். மூடும் முன் விட்டால் காற்று உள்ளே இழுத்துக்கொள்ளும். நாலைந்து முறைக்கு ஒருதடவை டப்பாவை நிரப்புங்கள். அது ஒருமுறை காலியானால் மொத்த வேலையும் முதலிலிருந்துதான்.

குமிழி நின்ற பிறகும் லிவர் பஞ்சாக இருந்தால், மாஸ்டர் சிலிண்டரில் ஹோஸ் சேரும் இடத்தில் காற்று தங்கியிருக்கும். ஹோஸைத் தட்டியபடி லிவரை மிகச் சிறிதாக ஆட்டிக்கொண்டே இருங்கள், குமிழி டப்பாவில் மேலே வரும். இரவு முழுக்க லிவரை சைக்கிள் டியூபால் இழுத்துக் கட்டி வைப்பதும் எனக்கு உதவியிருக்கிறது.

ஏபிஎஸ் வண்டி என்றால் வழக்கமான ஆயில் மாற்றத்தை இதே முறையில் செய்யலாம். ஆனால் டப்பா காலியாகி மாடுலேட்டருக்குள் (ஏபிஎஸ்ஸில் பிரேக் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி) காற்று புகுந்துவிட்டால், சில வண்டிகளில் கம்ப்யூட்டர் மாட்டித்தான் எடுக்க முடியும், சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.

முடித்ததும் நிப்பிளை அளவாக இறுக்குங்கள், அதிகம் முறுக்கினால் உடைந்துவிடும். ஆயில் பட்ட பேடைக் கழுவிப் போடாமல் மாற்றிவிடுங்கள். கிளம்பும் முன் லிவர் கெட்டியாகும் வரை பலமுறை அமுக்குங்கள். பேடைக் கழற்றி மாட்டியிருந்தால் முதல் இரண்டு அமுக்கில் பிரேக் இருக்காது. தெருவுக்குள்ளேயே மெதுவாக ஓட்டி நாலைந்து முறை பிடித்துப் பார்த்துவிட்டு, பத்து கிலோமீட்டர் போய் வந்து டிஸ்க்கின் அருகே கையைக் கொண்டுபோங்கள், தொடாதீர்கள். அனல் அடித்தால் இன்னும் ஒட்டுகிறது, மறுபடி நிப்பிள் சோதனையிலிருந்து தொடங்குங்கள். கழித்த ஆயிலைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள், அது விஷம், குழந்தைகள் குடித்துவிடுவார்கள்.