தம்பியின் கேள்விக்கு: வியாழக்கிழமை அந்தக் கூடத்துக்குப் போகலாமா?

தம்பி, உங்கள் கடிதத்தைப் பாளையங்கோட்டையில் அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்தேன். ஒரு மாத விடுப்பில் வந்திருக்கிறேன். இங்கிலாந்தின் லெஸ்டருக்குத் திரும்பும் வரை பதிலைத் தள்ளிப்போட மனம் வரவில்லை.

தங்கச்சிக்கு நர்ஸ் வேலை கிடைத்து நீங்கள் குடும்பத்தோடு லெஸ்டர் வந்து ஐந்து மாதம். உங்களுக்கு இன்னும் வேலை அமையவில்லை. வாடகையும் ஏஜென்டுக்காக வாங்கிய கடனின் வட்டியும் போக, மாதக் கடைசிப் பத்து நாள் இழுபறி. பக்கத்துத் தெருவில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கும் உதவுகிற சிறிய தொண்டு நிறுவனம் ஒன்று, வியாழக்கிழமைதோறும் சர்ச் கூடத்தில் உணவுப் பொருள் கொடுக்கிறது. "போகலாமா அண்ணாச்சி? விசாவுக்கு வில்லங்கம் வருமா? கல்லிடைக்குறிச்சியில் தெரிந்தால் என்ன நினைப்பார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போங்கள். இந்த வாரமே போங்கள்.

விசாவைப் பற்றிய பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். உங்கள் விசாவில் பொது நிதி பெறக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது. அது வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் யூனிவர்சல் கிரெடிட், வாடகைக்கான அரசு உதவி, பிள்ளைகளுக்கான சைல்டு பெனிஃபிட் போன்றவற்றைக் குறிக்கிறது. அவற்றுக்கு விண்ணப்பிக்காதீர்கள். தொண்டு நிறுவனம் தருகிற அரிசியும் பருப்பும் அந்தக் கணக்கில் வராது. அரசுப் பள்ளிப் படிப்பும் என்ஹெச்எஸ் என்ற அரசு மருத்துவமும்கூட வராது. இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கிலாந்து அரசுப் பள்ளிகளில் முதல் மூன்று வகுப்புகளில் (ரிசப்ஷன், முதலாம், இரண்டாம் ஆண்டு) படிக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் 2014 முதல் மதிய உணவு இலவசம். சின்னவளுக்குத் தானாகவே கிடைக்கும். பெரியவனுக்கு வருமான வரம்பு உண்டு. ஆனால் உங்களைப் போன்ற விசாக்காரர்களின் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம் என்று 2022-இல் நிரந்தரமாக்கிவிட்டார்கள். பள்ளி அலுவலகத்தில் கேட்டால் படிவம் கொடுப்பார்கள். நம் ஊர்ச் சத்துணவு போலத்தான், தயங்க ஒன்றுமில்லை.

விசாவைவிடப் பெரிய பாரம் உங்கள் மூன்றாவது கேள்வி. அதை நானும் சுமந்திருக்கிறேன்.

2009-இல் எனக்கு ஒப்பந்த வேலை போய்விட்டது. பதினொரு வாரம் வருமானம் இல்லை. பெரிய மகளுக்கு அப்போது இரண்டு வயது. ஊரில் கேட்டிருந்தால் அப்பா நிலத்தை அடகு வைத்தாவது அனுப்பியிருப்பார், அதனாலேயே சொல்லவில்லை. பால் வாங்க எடுத்துவைத்த சில்லறையை உங்கள் மதினி மேஜையில் எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்த அன்றுதான் கிளம்பினேன். இதே போன்ற ஒரு கூடத்தின் வாசல்வரை இரண்டு தடவை போய்த் திரும்பிவிட்டேன். மூன்றாவது தடவை, கதவருகே நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, "உள்ளே குளிர் குறைவு, வாருங்கள்" என்றார்.

முதலில் தேநீர் கொடுத்தார்கள். பிறகு ஒரு படிவம். எத்தனை பேர், குழந்தை உண்டா, வீட்டில் அடுப்பு இருக்கிறதா, டின் திறக்கிற கருவி இருக்கிறதா, இறைச்சி சாப்பிடுவீர்களா. ஏன் வேலை போனது என்று யாரும் குடையவில்லை. அடுப்பு இருக்கிறதா என்ற கேள்வி என்னை ஒரு மாதிரி ஆக்கியது. வெந்நீர் வைக்க ஒரு கெட்டில் மட்டும் வைத்துக்கொண்டு ஒற்றை அறையில் வாழ்கிறவர்களும் அங்கே வருகிறார்கள், அவர்களுக்குத் தனிப் பை என்று பிறகுதான் தெரிந்தது.

பையில் பாஸ்தா, தக்காளி டின், நீண்ட நாள் கெடாத பால், தேயிலைப் பொட்டலம், பிறகு நான்கு டின் பீன்ஸ். அந்த பீன்ஸ் இனிப்புச் சாற்றில் ஊறியது, உங்களுக்கும் இதற்குள் தெரிந்திருக்கும். உங்கள் மதினி அதை வடிதட்டில் கொட்டி மூன்று தண்ணீரில் அலசி, கடுகு, உளுத்தம்பருப்பு, வரமிளகாய் தாளித்துப் பொரியலாக்கினாள். இரண்டாவது வாரம் அந்தப் பெண்மணி, "உங்கள் வீட்டில் உண்மையில் என்ன சமைப்பீர்கள்?" என்று கேட்டார். கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. பருப்பு என்றேன். தேங்காய்ப்பால் என்றேன். மூன்றாவது வாரம் பையின் மேலாக ஒரு பாக்கெட் மசூர் பருப்பும் இரண்டு டின் தேங்காய்ப்பாலும் இருந்தன. அன்று இரவு வீட்டில் சொதி. பாசிப்பருப்பும் இல்லை, முருங்கைக்காயும் இல்லை, இருந்தாலும் சொதிதான்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் தெருவில் ஒரு வீட்டு வாசலில் காலை ஒன்பது மணிவரை கோலம் விழவில்லை என்றால், எதிர்வீட்டு ஆச்சி என்ன ஏது என்று எட்டிப் பார்ப்பாள். நாம் வாய் திறக்க வேண்டியதில்லை. இதோ, அம்மாவுக்குக் கால் வலி என்று தெரிந்த நாளிலிருந்து பக்கத்து வீட்டிலிருந்து மத்தியானக் குழம்பு வந்துகொண்டிருக்கிறது, யாரும் கேட்கவில்லை. லெஸ்டரில் அப்படி எட்டிப் பார்ப்பது மரியாதைக் குறைவு. உங்கள் கதவு மூடியிருந்தால் அது உங்கள் விருப்பம் என்று விட்டுவிடுவார்கள். கல்நெஞ்சம் என்று நான் முதல் இரண்டு வருடம் தப்பாக நினைத்திருந்தேன். நாம் வாய் திறந்து கேட்டுவிட்டால் ஓடி வருகிற அதே ஆட்கள்தான் அவர்கள். இந்த வித்தியாசம் புரியாமல் வீட்டுக்குள்ளேயே பட்டினி கிடந்த நம் ஆட்களை எனக்குத் தெரியும், தம்பி. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நேற்று திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போகும்போது சுலோசன முதலியார் பாலத்தைக் கடந்தேன். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்த ஒரு மனிதர் தம் கைப்பணத்தைப் போட்டுக் கட்டி, 1843 முதல் மக்கள் நடக்கிற பாலம். நீங்களும் நானும் எத்தனை முறை அதில் போயிருப்போம்! ஒருநாளாவது அவரிடம் இரந்து போவதாக நினைத்திருப்போமா? அந்தக் கூடத்துப் பையும் அப்படி ஒரு பாலம்தான், ஆற்றைத் தாண்டும்வரை.

போவதற்கு முன் செய்ய வேண்டியவை சில. இப்படி உணவுப் பொருள் தருகிற இடங்களை உணவு வங்கி என்பார்கள். பெரும்பாலானவற்றுக்குப் பரிந்துரைச் சீட்டு வேண்டும். மருத்துவர், பிள்ளைகளின் பள்ளி, இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகம், இவர்களில் யாராவது கொடுப்பார்கள். பொதுவாக மூன்று நாளுக்கான உணவு கிடைக்கும். உங்கள் பக்கத்துத் தெருக் கூடம் சீட்டு இல்லாமலும் தருகிறதா என்று நேரில் போய்க் கேளுங்கள். நிறுவனம் உண்மையானதா என்ற சந்தேகம் இருந்தால், அங்கே அறக்கட்டளை ஆணையத்தின் பதிவேடு யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்திருக்கிறது. பெயரைத் தேடினால் பதிவு எண்ணும் வரவு செலவும் தெரியும். விசா பற்றி மட்டும் அங்கே தேநீர் ஊற்றுகிறவர் சொல்வதையோ, நான் சொல்வதையோகூட முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பதிவு பெற்ற ஆலோசகரிடம் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்னொரு வழியாகவும் அந்தக் கூடத்துக்குள் போகலாம். வேலை தேடும் இந்த மாதங்களில் வாரம் ஒரு நாள் தொண்டராகச் சேருங்கள். முதியோரோடு பழகுகிற பணி என்றால் காவல்துறைப் பதிவுகளைச் சரிபார்க்கும் டிபிஎஸ் சான்று கேட்பார்கள், தொண்டர்களுக்கு அது இலவசம். பிறகு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது உங்களை அறிந்தவர் என்று எழுத அந்த நாட்டிலேயே ஒரு பெயர் கிடைக்கும். இது சின்ன விஷயமில்லை.

எனக்கு வேலை கிடைத்த பிறகு சனிக்கிழமைகளில் முதியோர் வீடுகளுக்கு மதிய உணவு எடுத்துப் போனேன். அதில் ஒரு தாத்தா, வாலிபத்தில் லெஸ்டர் காலுறை ஆலையில் வேலை பார்த்தவர். லெஸ்டர் ஒரு காலத்தில் பின்னலாடைக்குப் பேர்போன ஊர். என் தாத்தா விக்கிரமசிங்கபுரம் பஞ்சாலையில் நூற்றவர் என்று ஒருநாள் சொன்னேன். உணவுத் தட்டை ஓரமாக வைத்துவிட்டு என்ன நம்பர் நூல், எந்த ஊர்ப் பஞ்சு, ஈரப்பதத்துக்கு என்ன செய்வார்கள் என்று கேட்டார். தம் காலுறையை முழங்காலில் இழுத்துவிட்டு, எந்த இடத்தில் கண்ணி குறைய வேண்டும் என்று விரலால் தொட்டுக் காட்டினார். பத்து நிமிடத்தில் திரும்ப வேண்டியவன் முக்கால் மணி நேரம் இருந்துவிட்டேன். அடுத்த வீட்டுச் சாப்பாடு ஆறிப்போனதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அவர் வீட்டைக் கடைசியாக வைத்துக்கொண்டேன்.

கடிதத்தின் அடியில், பேனா மாறிய இடத்தில், உங்கள் அண்ணனைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். முப்பத்து நான்கு வயது, பிறவியிலேயே மூளை முடக்குவாதம், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எழுபது தாண்டிவிட்டது. "அவர்களுக்குப் பிறகு?" என்று கேட்டு நிறுத்திவிட்டீர்கள். இதற்குப் பணம் அனுப்பினால் மட்டும் போதாது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ், பதினெட்டு வயது தாண்டிய உங்கள் அண்ணனைப் போன்றவர்களுக்குச் சட்டப்படி ஒரு காப்பாளரை நியமிக்கலாம். கலெக்டர் தலைமையிலான குழு அதைச் செய்கிறது. கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர் நாளில் அப்பாவை மனுவோடு போகச் சொல்லுங்கள். பெற்றோர் நடமாட்டமாக இருக்கும்போதே இது முடிய வேண்டும். நானும் கூடப் போகிறேன். இருபதாம் தேதிவரை இங்கேதான் இருக்கிறேன்.

ஆய்க்குடிக்கும் ஒருமுறை அழைத்துப் போகச் சொல்லுங்கள். கல்லிடைக்குறிச்சியில் ரயில் ஏறித் தென்காசியில் இறங்கினால் பக்கம்தான். 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே அசைவிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் அங்கே இருக்கிறது. தொழிற்பயிற்சி, மறுவாழ்வு, குழந்தைகளுக்கான பயிற்சி எல்லாம் நடக்கிறது. சென்ற விடுப்பில் போயிருந்தேன். சக்கர நாற்காலியில் இருந்த ஓர் இளைஞர்தான் எனக்கு இடத்தைச் சுற்றிக் காட்டினார். நான் தள்ளட்டுமா என்று கை நீட்டினேன். சிரித்துக்கொண்டே சரிவுப் பாதையில் என்னைவிட வேகமாகப் போய்விட்டார். உங்கள் அண்ணனுக்கு அங்கே என்ன பொருந்தும் என்பதை அவர்கள் பார்த்துச் சொல்வார்கள்.

வியாழக்கிழமை தங்கச்சிக்கு இரவுப் பணி இல்லையென்றால் இருவரும் சேர்ந்தே போங்கள். உறுதியான பை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், டின்கள் கனக்கும். என்ன சமைப்பீர்கள் என்று அவர்கள் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். துவரம்பருப்பு இருக்காது, மசூர் பருப்பு இருக்கிறதா என்று கேளுங்கள்.