கூட்டம் கலைந்தது, முடிவு என்ன?

கேள்வி: மொரீஷியஸில் ஆடை ஏற்றுமதி நிறுவனமொன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். திங்கட்கிழமைதோறும் 14 பேர் இரண்டு மணி நேரம் கூடிப் பேசுகிறோம். பேச்சு பிரெஞ்சில், குறிப்பு ஆங்கிலத்தில். தையல் பிரிவினர் வாயே திறப்பதில்லை. புதன்கிழமைக்குள் என்ன முடிவெடுத்தோம் என்பதில் ஆளுக்கொரு எண்ணம். இனிக் கூட்டத்தை நான் நடத்த வேண்டுமாம். எங்கே தொடங்குவது?
- வாசகி, ரோஸ்ஹில்

பதில்: சகோதரி, முதலில் ஒரு கணக்கு. 14 பேர் இரண்டு மணி நேரம் அமர்ந்தால் 28 மணி நேர உழைப்பு செலவாகிறது. உங்கள் நாட்டில் ஒருவருடைய வழக்கமான வேலை வாரமே 45 மணி நேரந்தான். ஆகவே, முடிவெடுப்பவரையும் அதைச் செய்து முடிப்பவரையும் மட்டும் அழையுங்கள். மற்றவர்களுக்குக் குறிப்பை அனுப்பினால் போதும்.

நிகழ்ச்சி நிரலில் 'துணி வரத்து' என்று மட்டும் எழுதினால் எல்லோரும் வெறுங்கையோடு வருவார்கள். 'மடகாஸ்கர் தொழிற்கூடத்துக்குப் போக வேண்டிய துணியை விமானத்தில் அனுப்புவதா, அடுத்த கப்பலுக்குக் காத்திருப்பதா?' என்று கேள்வியாகவே எழுதி வியாழனன்று அனுப்பிவிட்டால், உரியவர் கட்டண விவரத்தைக் கையோடு கொண்டுவருவார். எழுத அப்படியொரு கேள்வி இல்லாத வாரத்தில் கூட்டமே வேண்டாம். அன்றாட நிலவரத்தைத் தையல் கூடத்திலேயே நின்றபடி பேசிவிடலாம். 1999-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், உட்கார்ந்து பேசிய குழுக்கள் நின்று பேசியவற்றைவிட 34 விழுக்காடு கூடுதல் நேரம் எடுத்தும் மேலான முடிவு எதையும் எட்டவில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை வருத்தியது தையல் பிரிவினரின் மௌனந்தான். ஊசி எங்கே முறிகிறது, எந்தத் துணி சுருங்குகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஆனால் 'இது நடக்காது, ஐயா' என்று மேலாளரிடம் சொல்ல, பயின்ற மொழியைவிட வீட்டில் புழங்கும் மொழிதான் ஒருவருக்குக் கைகொடுக்கும். எனவே பேச்சை, உங்கள் நாட்டில் பெரும்பாலோர் வீட்டில் பேசும் கிரியோல் மொழியில் நடத்துங்கள். பணியில் இளையவரிடமிருந்து தொடங்கி, மேலாளரைக் கடைசியாகப் பேசுமாறு முன்கூட்டியே பணிவுடன் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் முதலில் கருத்துச் சொல்லிவிட்டால், அதன்பின் எழுவது பெரும்பாலும் தலையாட்டல்தான்.

குறிப்பு ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். ஆனால் எழுந்து போகுமுன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, ஒவ்வொரு முடிவையும் யார் செய்வது, எந்த நாளுக்குள் என்ற விவரத்தோடு கிரியோலில் உரக்கப் படியுங்கள். பொறுப்பேற்றவர் அதைத் தம் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லட்டும். அடுத்த திங்களன்று முதல் வேலையாக அந்தத் தாளையே எடுத்து வாசியுங்கள்.