இடுப்பெலும்பு விலகிவிட்டதா? முதுகுவலிக்காரர்களுக்குச் சில பதில்கள்

பாளையங்கோட்டையில் இயன்முறை மருத்துவம் பார்க்கிறேன். "இடுப்பெலும்பு விலகிவிட்டது" என்று யாரோ சொன்னதைச் சுமந்துகொண்டு பலர் வருகிறார்கள். வலியைவிட அந்தச் சொல்தான் அவர்களை அதிகம் படுத்துகிறது. அதனால் இடுப்புக்கூட்டைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முக்கூடலில் பீடி சுற்றும் ஒருவர்: மடியில் சுளகை வைத்து எட்டு மணி நேரம் தரையில் உட்காருகிறேன் அக்கா. எழும்போது இடுப்பு பிடித்துக்கொள்கிறது. எக்ஸ்ரே பார்த்தவர், ஒரு பக்க எலும்பு ஏறியிருக்கிறது என்றார். அதுதான் காரணமா?

பெரும்பாலும் இல்லை. எக்ஸ்ரேயில் அளந்தால் பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு கால்களின் நீளமும் ஒன்றாக இருப்பதில்லை. சராசரி வித்தியாசம் 5 மில்லிமீட்டர். அதற்கேற்ப இடுப்பும் கொஞ்சம் ஏறி இறங்கித்தான் நிற்கும். அதோடுதான் ஊரே நடமாடுகிறது.

நீங்கள் உட்காரும் விதத்தைப் பாருங்கள். சம்மணம் போட்டுச் சுளகின் மேல் குனிந்தால் இடுப்புக்கூடு பின்பக்கம் சரிகிறது. அடிமுதுகின் இயல்பான குழி மறைந்து, முதுகு வில்லாக வளைகிறது. அங்குள்ள தசைநார்கள் மணிக்கணக்கில் இழுபட்டே கிடக்கின்றன. வளைவது தவறில்லை, அப்படியே உறைந்துபோவதுதான் தொல்லை.

போர்வையை நான்கு விரல் உயரத்துக்கு மடித்து, பிட்டத்துக்கு அடியில் மட்டும் வையுங்கள். முழங்காலைவிட இடுப்பு உயர்ந்தால் முதுகு தானாக நிமிரும். இரண்டு கட்டு முடிந்ததும் எழுந்து, இடுப்பில் கை வைத்து ஐந்து முறை பின்னால் வளையுங்கள். எண்ணிக்கைக்குத்தான் கூலி என்பது எனக்கும் தெரியும். இதற்கு ஒரு நிமிடம் போதும்.

சேரன்மகாதேவியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: என் இடுப்பு முன்பக்கம் சாய்ந்திருப்பதாக உடற்பயிற்சிக் கூடத்தில் சொன்னார்கள். நிமிர்த்த முடியுமா?

எதற்குத் தம்பி நிமிர்த்த வேண்டும்? வலியே இல்லாத 120 பேரை அளந்த 2011ஆம் ஆண்டு ஆய்வில் ஆண்களில் 85 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 75 விழுக்காட்டினருக்கும் இடுப்பு முன்பக்கம்தான் சாய்ந்திருந்தது. வலி இருந்தால் சொல்லுங்கள், பார்ப்போம். கண்ணாடியை வைத்து நோய் தேடாதீர்கள்.

களக்காட்டில் வாழைத்தார் சுமப்பவர்: சுளுக்கு எடுப்பவர் காலை இழுத்தார், 'டக்' என்று சத்தம் கேட்டது. எலும்பு இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்றார். உண்மையிலேயே வலி குறைந்தது. நீங்கள் மட்டும் விலகவே இல்லை என்கிறீர்களே?

வலி குறைந்தது உண்மை அண்ணாச்சி. சொன்ன காரணம்தான் பொய். அவர் விலகியதாகச் சொன்னது, முதுகெலும்பின் அடியில் முக்கோணமாக இருக்கும் திருவெலும்பு, இருபக்க இடுப்பெலும்புகளோடு சேரும் மூட்டை. உடம்பிலேயே மிகத் தடித்த தசைநார்கள் சில அதைக் கட்டிப் பிடித்திருக்கின்றன. அது அசைவதே ஓரிரு மில்லிமீட்டர்தான். ஸ்வீடனில் 10 நோயாளிகளின் எலும்பில் நுண்ணிய உலோக மணிகளைப் பதித்து, இழுப்பதற்கு முன்னும் பின்னும் படமெடுத்துப் பார்த்தார்கள். ஆய்வு 1998இல் வெளிவந்தது. மூட்டின் இடம் மாறவே இல்லை.

சத்தம் வருவது மூட்டுக்குள் இருக்கும் நீரில் உண்டாகும் வாயுக் குமிழால். இறுகிய தசை தளர்ந்து, நரம்பு கொஞ்சம் அமைதியாவதால் சுகம் கிடைக்கிறது. அந்தச் சுகம் இருக்கும்போதே அசையத் தொடங்குங்கள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பிட்டத்தை உயர்த்தி ஐந்து எண்ணுங்கள். பத்து முறை போதும். தாரை உடம்போடு ஒட்டிப் பிடித்துத் தூக்குங்கள். எலும்பு தேய்ந்த வயதானவர்களை மட்டும் யாரும் இழுக்க விடாதீர்கள்.

காலோடு பிறந்தவர் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு போகும் என்கிறார்களே?

சிறு வயதில் நானும் என் பாட்டியை மிதித்திருக்கிறேன், நான் தலையோடு பிறந்தவள். பாட்டிக்குச் சுகமாகத்தான் இருந்தது. எழுபது கிலோ ஆள் ஏறுவதாக இருந்தால் வேண்டாம்.

கல்லிடைக்குறிச்சி, ஏழு மாதக் கர்ப்பிணி: படுக்கையில் புரண்டால் பிட்டத்தின் மேல்புறம் சுருக்கென்கிறது.

மேலே சொன்ன திருவெலும்பு மூட்டையே குற்றம் சொல்லலாம் என்றால் அது உங்கள் விஷயத்தில்தான். கர்ப்பகாலத்தில் தசைநார்கள் தளர்கின்றன, சுமையும் கூடுகிறது. முழங்கால்கள் இரண்டையும் சேர்த்துக்கொண்டு ஒரே கட்டையாகப் புரளுங்கள். பாவாடையை உட்கார்ந்தே அணியுங்கள், ஒற்றைக் காலில் நிற்க வேண்டாம். நடக்கும்போது வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பைச் சுற்றிப் பட்டை கட்டலாம். பெரும்பாலோருக்குப் பேறு முடிந்து சில மாதங்களில் சரியாகிவிடும்.

என் மகனுக்கு 24 வயது. விடியற்காலையில் அடிமுதுகு மரக்கட்டையாகிவிடுகிறது, நடந்தால் குறைகிறது. நான்கு மாதமாகிறது.

ஓய்வில் கூடி, நடந்தால் குறையும் வலி, இந்த வயதில், மூன்று மாதத்துக்கு மேல். இதை இழுத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். அதே திருவெலும்பு மூட்டில் அழற்சி இருக்கலாம். மூட்டுவாத மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்து இருக்கிறது, தாமதித்தால் முதுகு இறுகிப்போகும்.

எப்போது பயப்பட வேண்டும்?

சிறுநீர் வராமல் அடைபட்டாலோ தெரியாமல் போனாலோ, சைக்கிள் இருக்கையில் படும் இடம் மரத்தாலோ, இரண்டு கால்களும் பலமிழந்தாலோ, பொழுது விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அந்த நேரத்திலேயே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வண்டியை விடுங்கள்.