சரணாலயத்துக்கு ஒருவரின் பெயரை வைக்க எங்கே தொடங்குவது?

கேள்வி: ஐயா, நாங்கள் பொத்துவில் பக்கத்து விவசாயக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர்கள். எங்கள் வயலை அடுத்துள்ள சரணாலயத்தில் நீண்ட காலம் கடமையாற்றிய உத்தியோகத்தர் ஒருவர் அண்மையில் காலமானார். யானை வந்துவிட்டது என்று சொன்னால் நடுச்சாமத்திலும் வந்து நிற்பார். காட்டுக்குள் ஒரு மரம் வெட்டவும் விடமாட்டார். சரணாலயத்துக்கு அவர் பெயரை வைக்கவேண்டும் என்று எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கம் தீர்மானித்திருக்கிறது. எம்.பி. ஒருவரிடம் மனுக் கொடுத்தால் போதுமா? இன்னொரு கெசட் வந்தால் வயலும் போய்விடும் என்று சிலர் பயப்படுகிறார்களே, அது சரியா?

பதில்: பயத்தை முதலில் பார்ப்போம். கெசட் என்றாலே அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் சனங்களுக்கு எல்லைக்கல்தான் ஞாபகம் வரும். உழுத நிலமும் மாடு மேய்த்த தரையும் ஒருநாள் காடாகிவிட்டதாகச் சொல்லப்பட்ட அனுபவம் இங்கே நிறையப் பேருக்கு உண்டு. அதனால் பயப்படுகிறவர்களைக் குறை சொல்லாதீர்கள், கூட்டத்துக்கு அவர்களைத்தான் முதலில் கூப்பிடுங்கள்.

ஆனால் பெயர் வேறு, எல்லை வேறு. சரணாலயங்களும் தேசிய பூங்காக்களும் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அமைச்சரின் கட்டளையாக வர்த்தமானியில், அதாவது கெசட்டில், அறிவிக்கப்படுகின்றன. எல்லைகளின் விவரம் அந்தக் கட்டளையின் அட்டவணையில் இருக்கும். உங்கள் கோரிக்கைக் கடிதத்தில் ஒரு வரியைக் கட்டாயம் சேருங்கள்: பெயர் மட்டும் மாறவேண்டும், அட்டவணையிலுள்ள எல்லைகள் இருக்கிறபடியே இருக்கவேண்டும். பெயர் மாற்றத்தோடு சேர்த்துப் புதிதாக அளந்து புது வரைபடம் போடலாம் என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். ‘இதோடு தேசிய பூங்காவாகவும் தரமுயர்த்திவிடுவோம்’ என்ற பேச்சு வந்தால் இன்னும் கவனம் தேவை. சரணாலயத்துக்குள் தனியார் காணி இருக்கலாம். தேசிய பூங்கா அரச காணியில் மட்டும்தான் அமையும். அந்தப் பேச்சைக் காணிக்காரர்கள் இல்லாமல் பேசவே கூடாது.

சரி, எங்கே தொடங்குவது? அந்தக் காடு எந்தத் திணைக்களத்துடையது என்பதிலிருந்து. நீங்கள் சரணாலயம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். ஆனால் ஊரில் சரணாலயம் என்று சொல்லப்படும் இடம் தாளில் வன பாதுகாப்புத் திணைக்களத்தின் ஒதுக்குக்காடாக இருப்பதும் உண்டு. அப்படியானால் சட்டமே வேறு. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், முதல் அறிவித்தல் வெளியான வர்த்தமானியையும் வரைபடத்தையும் எழுத்தில் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்லவேண்டும். தமிழில் கேட்கவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது.

எம்.பி.யால் காட்டுக்குப் பெயர் வைக்க முடியாது. பிரதேச சபையாலும் முடியாது. ஆனாலும் சபையின் தீர்மானத்துக்கு எடை உண்டு, எம்.பி. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் பேசினால் கோப்பு நகரும். உங்கள் சங்கத் தீர்மானத்தையும் சபைத் தீர்மானத்தையும் பிரதேச செயலாளரின் பரிந்துரையோடு திணைக்களத்தின் பணிப்பாளர் நாயகத்துக்கு அனுப்புங்கள். பிரதியொன்று அமைச்சுக்கு. ஆட்சி மாறும்போது வனஜீவராசிகள் விடயம் ஓர் அமைச்சிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். அனுப்பும் நாளில் அது எங்கே இருக்கிறது என்று பார்த்து முகவரி எழுதுங்கள்.

முன்மாதிரி வேண்டுமென்றால் தூரம் போகவேண்டாம். யால கிழக்கு தேசிய பூங்கா 2006இல் குமண தேசிய பூங்கா ஆனது. உகந்தை முருகனைக் கும்பிட்டுவிட்டுக் காட்டுக்குள் இறங்கும் கதிர்காம யாத்திரிகர்களுக்கு குமண வில்லு என்ற நீர்நிலை எப்போதும் தெரிந்த இடம். அந்த இடத்தின் பெயரே பூங்காவுக்கும் வந்தது.

இங்கேதான் உங்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பழைய பெயரை எடுக்கச் சொல்லாதீர்கள், அதன் பக்கத்தில் அவர் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 1980இல் ‘திரும்பாத ஆறு’ என்ற பெயரில் ஒரு வனப்பகுதி பாதுகாக்கப்பட்டது. அதற்காகப் பாடுபட்ட செனட்டர் பிராங்க் சர்ச் நோயுற்றிருந்தபோது, 1984இல், சட்டம் இயற்றி அவர் பெயரை முன்னால் சேர்த்தார்கள். ஆற்றின் பெயரும் அப்படியே இருக்கிறது. இந்தியாவில் 1936இல் ஆளுநர் ஹெய்லியின் பெயரில் தொடங்கிய பூங்கா, சுதந்திரத்துக்குப் பிறகு முதலில் ராம்கங்கா ஆற்றின் பெயருக்கு மாறி, அப்புறம் ஜிம் கார்பெட்டின் பெயரைப் பெற்றது. மேலிருந்து வந்த பெயர் போய்விட்டது. அந்த மலைக் கிராமங்களோடு பழகி வாழ்ந்தவரின் பெயர் இன்றும் நிற்கிறது. உங்கள் உத்தியோகத்தர் இரண்டாவது வகை. அமைச்சர்களின் பெயர் தாங்கிய பலகைகள் நம் நாட்டில் ஏராளம். ஒரு களத்து உத்தியோகத்தரின் பெயரை ஊரே கேட்பது அரிது, அதனாலேயே இந்த முயற்சி வெல்லவேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

அதற்கு உங்கள் ஒரு கிராமம் போதாது. அந்தக் காட்டைச் சுற்றித் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் இருக்கிறார்கள், பாணமை வரைக்கும். அவர் யானை விரட்ட எல்லா ஊர் வயலுக்கும்தான் போயிருப்பார். அந்த ஊர்ச் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் கையெழுத்து வைத்தால், இது ஓர் இனத்தின் கோரிக்கை என்று யாரும் ஒதுக்க முடியாது. அவர் என்ன செய்தார் என்பதைச் சம்பவமாக எழுதி வாங்குங்கள்: எந்த வருடம், எந்த வயல், யார் பார்த்தது. ‘சிறந்த சேவையாளர்’ என்று நூறு பேர் எழுதுவதைவிட இது பலம். எல்லாவற்றுக்கும் முன்னால் குடும்பத்தின் சம்மதத்தை எழுத்தில் பெற்று, பெயரை மூன்று மொழியிலும் எப்படி எழுதுவது என்றும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பிழையாக அச்சான பெயரைத் திருத்த இன்னொரு வர்த்தமானி தேவைப்படும்.

வர்த்தமானிக்குக் காலம் எடுக்கும். அதற்கிடையில் காவல் கோபுரம் ஒன்றுக்கோ பார்வையாளர் நிலையத்துக்கோ அவர் பெயரை வைக்குமாறு திணைக்களத்தைக் கேட்கலாம். கட்டடப் பெயருக்கு அமைச்சரின் கட்டளை தேவையில்லை. இதைத் தனிக் கடிதமாக அனுப்புங்கள். ஒரே கடிதத்தில் இரண்டையும் கேட்டால் சின்னதைக் கொடுத்துவிட்டுப் பெரியதை மூடிவிடுவார்கள்.

தகவல் விண்ணப்பத்தை இந்த வாரமே பதிவுத் தபாலில் போட்டு, பற்றுச்சீட்டைச் சங்கத்தின் கோப்பில் வையுங்கள். வர்த்தமானிப் பிரதி வந்ததும் எனக்கும் அனுப்பினால், அட்டவணையைப் பார்த்து எந்த வரியைத் தொடாமல் கடிதம் எழுதவேண்டும் என்று சொல்கிறேன்.