லாரி மோதிய பிறகு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மகன் கல்லூரி இரண்டாம் ஆண்டு. இரவு இரண்டு மணி வரை போனில் ஜப்பானிய லைட் நாவல்களாக, அதாவது படங்களோடு வரும் எளிய தொடர்கதைகளாகப் படித்துத் தள்ளுகிறான். கேட்டால் எல்லாம் ஒரே கதைதான்: வேலைவெட்டி இல்லாத ஒருவனை லாரி அடிக்கிறது, அவன் மந்திர உலகம் ஒன்றில் மறுபடி பிறக்கிறான், பெரிய வீரனாகிறான். திட்டுவதற்காகவே அவனிடமிருந்து வாங்கி, ஒருவர் ஸ்லைமாக, அதாவது கூழ் உருண்டை மாதிரி ஒரு பிராணியாகப் பிறக்கும் நாவலைப் படித்தேன். நடை தட்டை. சண்டை முடிந்ததும் என்னென்ன சக்தி கிடைத்தது என்று மளிகைப் பட்டியல்போல வருகிறது. ஆனால் கீழே வைக்க முடியவில்லை. இரண்டாம் தொகுதியும் முடிந்துவிட்டது. அப்படி இதில் என்னதான் இருக்கிறது? வெறும் பகற்கனவா? மறுபிறவிக் கதை நமக்கு ஒன்றும் புதிதில்லையே, அப்புறம் ஏன் இது புதிதாகத் தெரிகிறது?

க.,
கோவை

அன்புள்ள க.,

திட்டுவதற்காகப் படிக்க ஆரம்பித்து மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர். நடையைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. அதற்கு ஒரு காரணம் உண்டு, பிறகு வருகிறேன். முதலில் உங்கள் ஸ்லைமையே எடுத்துக்கொள்வோம்.

மிகாமி சதோரு, வயது 37, கட்டுமான நிறுவன ஊழியர். அவரை லாரி அடிக்கவில்லை. தெருவில் ஓடிவந்த ஒரு திருடன் கத்தியால் குத்திவிடுகிறான். என் கணினியில் இருப்பதையெல்லாம் அழித்துவிடு என்று ஜூனியரிடம் கெஞ்சிக்கொண்டே சாகிறார். அந்த நேரத்தில் அவர் முனகுவதை எல்லாம் ஏதோ ஒரு குரல் விண்ணப்பமாகப் பதிவு செய்துகொள்கிறது. வலிக்கிறது என்கிறார், வலி தாங்கும் சக்தி வழங்கப்படுகிறது. எரிகிறது என்கிறார், வெப்பம் தாங்கும் சக்தி. ரத்தம் போய் உடம்பு சில்லிடுகிறது என்கிறார். ரத்தமே தேவைப்படாத ஓர் உடம்பு தயாராகிறது. ஸ்லைம் ஆனது இப்படித்தான். ஃபூசே என்ற புனைபெயரில் எழுதும் ஆசிரியரின் ஆகச்சிறந்த நகைச்சுவை இது. வாழ்நாள் முழுக்க யாரும் காதில் வாங்காத ஓர் அலுவலக ஊழியரின் புலம்பலுக்கு, செத்துக்கொண்டிருக்கும்போது ஒரு நிர்வாகம் செவிசாய்க்கிறது.

பிறகு அந்த ஸ்லைம் என்ன செய்கிறது? சண்டை போடுகிறது, உண்மைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள், பக்கங்களை அதிகம் தின்பது எது? கோப்ளின் என்ற குட்டிப் பூதங்களின் கிராமத்துக்கு வீடு கட்ட ஆள் பிடிப்பது, குள்ளர் நாட்டிலிருந்து கைவினைஞர்களைக் கூட்டி வருவது, சாலை போடுவது. நீங்கள் படித்த இரண்டாம் தொகுதியின் கடைசியில், சரணடைந்த பசித்த ஓர்க்குகள் (பன்றிமுக அரக்கர்கள்) லட்சத்துக்கும் மேல் நிற்கிறார்கள். அவர்களை எங்கே குடிவைப்பது, சாப்பாடு யார் தருவது, எந்த வேலைக்கு யாரை அனுப்புவது என்ற பேச்சுதான் அங்கே உச்சக்கட்டம். கணக்குப் பிரிவில் இருப்பவர் நீங்கள். உங்களைக் கட்டிப்போட்டது டிராகன் இல்லை, இந்த இடம்தான் என்று சந்தேகிக்கிறேன்.

பலசாலி ஆவது இந்தக் கதைகளின் மேல்பூச்சு மட்டுமே. அதற்காக மட்டும் படிப்பவர்கள் சீக்கிரம் சலித்து வெளியேறுவார்கள். விடாமல் படிக்க வைப்பது வேறு இரண்டு விஷயங்கள். இங்கே யாரும் மதிக்காத ஏதோ ஒன்று, அலுவலகப் பொறுமையோ புத்தகப் பைத்தியமோ, அங்கே போனதும் மதிப்புப் பெறுகிறது. இன்னொன்று, பழைய ஞாபகம் அப்படியே இருக்க மறுபடி குழந்தையாகலாம். இந்த இரண்டாவதுதான் உங்கள் ‘ஏன் புதிதாகத் தெரிகிறது’ என்ற கேள்விக்குப் பதில்.

‘முஷோகு டென்செய்’ படித்திருக்கிறாரா உங்கள் மகன்? கட்டாயம் படித்திருப்பார். ரிஃபுஜின் நா மகோனோதே என்ற புனைபெயரில் வந்த நாவல். நாயகனுக்கு 34 வயது. பள்ளியில் நடந்த ஒரு கேவலத்துக்குப் பிறகு அறையைவிட்டு வெளியே வராதவன். பெற்றோரின் இறுதிச் சடங்குக்குக்கூட வராததால், உடன்பிறந்தவர்கள் கதவை உடைத்து, அடித்து, மழையில் துரத்திவிடுகிறார்கள். அங்கேதான் லாரி. மறுபிறவியில் ஒரு கிராமத்து வீட்டில் ரூடியஸ் என்ற குழந்தையாகப் பிறக்கிறான். மந்திரத்தில் மேதை. ஆனால் வீட்டு வாசலைத் தாண்டமாட்டான். இத்தனை சக்தி வந்தும் பழைய பயம் கூடவே பிறந்துவிட்டது.

அவனுக்கு மந்திரம் சொல்லித்தரும் ராக்ஸி, கடைசித் தேர்வுக்காக அவனை வெளியே கூட்டிப் போகிறாள். வாசலில் நின்று நடுங்குகிறான். குதிரையைப் பார்த்துப் பயப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டு, தூக்கித் தனக்கு முன்னால் உட்கார வைத்துக்கொள்கிறாள். குதிரை கிராமத்தின் நடுவே போகிறது. எதிரில் வருபவர்களுக்கு அவள் வணக்கம் சொல்கிறாள், அவர்களும் சிரித்தபடி சொல்கிறார்கள். யாரும் இவனைக் கேலி செய்யவில்லை. அவ்வளவுதான், இருபது சொச்சம் வருஷப் பயம் தெரு ஒன்றைக் கடப்பதற்குள் விட்டுப்போகிறது. தான் செய்த உதவி என்னவென்றே ராக்ஸிக்குத் தெரியாது. (வயல்வெளிக்குப் போனபிறகு அவள் வரவழைக்கும் இடி அந்தக் குதிரைமேலேயே விழுந்து, பதறிப்போய் அதற்கு வைத்தியம் பார்ப்பது தனிக்கதை.) இந்த இடத்தை எழுதத் தெரிந்தவரை நடை தெரியாதவர் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை.

அந்த 34 என்ற வயதைக் கவனியுங்கள். நாவல் இணையத்தில் வர ஆரம்பித்தது 2012 நவம்பரில். அப்படியானால் அவன் பிறந்தது 1978 வாக்கில். ஜப்பானில் 1990களின் தொடக்கத்தில் பொருளாதாரக் குமிழி உடைந்தது. அதற்குப் பிறகு பத்தாண்டுக்கு மேல் கல்லூரி முடித்து வந்தவர்களுக்கு நிரந்தர வேலை கிடைப்பதே குதிரைக்கொம்பானது. அங்கே படிப்பு முடிந்த கையோடு வேலையில் சேராவிட்டால் பிறகு வரிசையில் நுழைவது கஷ்டம். அந்தத் தலைமுறைக்கே ‘வேலைவாய்ப்புப் பனியுகம்’ என்று பெயர். அறைக்குள் முடங்கியவர்கள் எல்லாம் இளைஞர்கள் என்று ஜப்பான் நீண்டகாலம் நினைத்துக்கொண்டிருந்தது. 2019இல் அரசே வெளியிட்ட மதிப்பீட்டில், 40 முதல் 64 வயதுக்குள் மட்டும் முடங்கிக் கிடப்பவர்கள் 6,13,000 பேர் என்று வந்தது. வேலை கிடைத்தவர்களின் நிலைமையும் சொகுசில்லை. வேலை பார்த்தே சாகிறவர்கள் உண்டு. ஒரு நாவலில் 27 வயதுப் பெண் அலுவலக வேலையாலேயே செத்து, மறுபிறவியில் சாகாவரம் வாங்கிக்கொண்டு, முந்நூறு வருஷம் மலைமேல் ஒரு வீட்டில் நிதானமாகக் காலம் தள்ளுகிறாள். இவர்கள் கேட்கும் வரத்தைப் பாருங்கள். ராஜ்ஜியம் வேண்டாம், நேரத்துக்கு வீடு திரும்பினால் போதும் என்பதுதான் பாதிக் கதைகளின் ஆசை.

சரி, நடைக்கு வருவோம். இவற்றில் பெரும்பாலானவை ‘ஷோசெட்சுகா நி நாரோ’ என்ற தளத்தில் பிறந்தவை. 2004இல் தொடங்கப்பட்டது. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். வாசகர் தரும் புள்ளிகளைக் கூட்டித் தினமும் தரவரிசை வரும். மேலே வந்தால் பதிப்பகம் தேடி வரும். ஓவியரைப் போட்டுப் புத்தகமாக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் அனிமே ஆகும். ‘முஷோகு டென்செய்’, நீங்கள் படித்த ஸ்லைம், இன்னும் சற்று நேரத்தில் சொல்லப்போகும் ‘புக்வார்ம்’ மூன்றும் அந்தத் தளத்தில் ஏறக்குறைய பத்தே மாத இடைவெளிக்குள் தொடங்கியவை. நாள் தவறாமல் அத்தியாயம் போடுகிறவர்கள் வாக்கியத்தை இழைத்துக்கொண்டிருக்க முடியாது. ரயிலில் நின்றபடி போனில் படிப்பவருக்கு நேற்று எங்கே விட்டோம் என்று நினைவிருக்காது, அதனால்தான் அந்தச் சக்திப் பட்டியல். தலைப்புகள் ஒரு பத்தி நீளத்துக்கு இருப்பதும் இதனால்தான்: பட்டியலில் தலைப்பு மட்டுமே கண்ணில் படும், கதை முழுவதையும் அதிலேயே சொல்லியாக வேண்டும். டிராகன் குவெஸ்ட் மாதிரி வீடியோ கேம்களில் வளர்ந்த வாசகர்கள் என்பதால் ஸ்லைம் என்றால் என்ன, அரக்க அரசன் என்றால் யார் என்று விளக்க வேண்டியதில்லை. எடுத்த எடுப்பில் கதைக்குள் போய்விடலாம்.

கூட்டம் தாங்காமல் அந்தத் தளமே 2016இல் வேற்றுலகக் கதைகளுக்குத் தரவரிசையைத் தனியாகப் பிரித்தது. அதே ஆண்டு ஒரு சிறுகதைப் போட்டி ‘மறுபிறவிக் கதைகள் வேண்டாம்’ என்றே அறிவித்தது. அதற்கு முன்பே ‘கொனோசுபா’ என்ற நாவல் இந்த வகையைக் கிண்டலடித்துவிட்டது. அதில் நாயகன் லாரி என்று நினைத்த வண்டி மெதுவாக ஊர்ந்து வரும் டிராக்டர். அது அவனை இடிக்கக்கூட இல்லை, பயத்திலேயே உயிர் போய்விடுகிறது.

மறுபிறவி நமக்குப் புதிதில்லை என்றீர்கள். ஜப்பானுக்கும் புதிதில்லை. பதினோராம் நூற்றாண்டிலேயே ‘ஹமாமட்சு சூனகோன் மோனோகதாரி’ என்று ஒரு கதை இருக்கிறது. இறந்துபோன அப்பா சீன அரசரின் மகனாகப் பிறந்திருக்கிறார் என்று அறிந்து ஒருவன் கடல் தாண்டிப் போகிறான். நாவலாசிரியர் மிஷிமா யுகியோ தன் கடைசி நான்கு நாவல்களை இதிலிருந்துதான் எடுத்துக் கட்டினார். எல்லாம் பௌத்தம் கொண்டுவந்து சேர்த்தது. அதே பௌத்தத்தில் நம் மணிமேகலை, மணிபல்லவத்தில் புத்த பீடிகையைத் தொழுது முற்பிறப்பை அறிகிறாள். தான் இலக்குமியாக இருந்ததும், இராகுலன் கணவனாக இருந்ததும், அவனே இப்போது உதயகுமரனாகத் தன் பின்னால் வருவதும் தெரிகிறது. தெரிந்ததால் அவள் விலகுகிறாள். பிறவியை அறுக்கத்தான் அந்த ஞாபகம். லைட் நாவல் நாயகன் அந்த ஞாபகத்தையே முதலாகப் போட்டுத் தொழில் தொடங்குகிறான். நம் பெரியவர்கள் பிறவாமை வேண்டும் என்று கேட்டார்கள். இவன் இன்னொரு வாய்ப்பு கொடு, இந்த முறை ஒழுங்காகச் செய்கிறேன் என்று கேட்கிறான். கர்மம் என்ற கணக்கே இவனிடம் இல்லை. சென்ற பிறவியில் வீணாய்ப் போனதற்குத் தண்டனை கிடைப்பதற்குப் பதில் சலுகை கிடைக்கிறது. நியாயமில்லைதான். ஆனால் தேர்வு ஒன்றில் தவறினால் வாழ்க்கையே போச்சு என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகளுக்கு அந்த அநியாயம் எவ்வளவு ஆறுதல்!

குறைகளை மறைக்க மாட்டேன். அடிமைச் சந்தையில் பெண்ணை வாங்கி, அவள் நன்றியோடு காதலிப்பதாகக் காட்டும் நாவல்கள் நிறைய. ரூடியஸே பல இடங்களில் அருவருப்பாக நடந்துகொள்கிறான். அது அந்தப் பாத்திரத்தின் குறை, ஆசிரியர் தெரிந்தே வைத்தது என்று ரசிகர்கள் வாதாடுவார்கள். பாதி உண்மை. பல இடங்களில் ஆசிரியரே அதை வேடிக்கையாக ரசிக்கிறார் என்பது எழுத்திலேயே தெரிகிறது. பெண்கள் எழுதி, பெண்கள் படிக்கும் கிளை ஒன்று தனியாக வளர்ந்திருக்கிறது, அங்கே காற்று நன்றாக வீசுகிறது. காதல் வீடியோ கேம் ஒன்றின் வில்லியாகப் பிறந்த கேதரீனா, கடைசியில் நாடு கடத்தப்படுவோம் என்று தெரிந்து, எட்டு வயதிலேயே விவசாயம் பழக ஆரம்பிக்கிறாள். தன்னை வெட்ட வாளோடு வரக்கூடிய இளவரசனுக்குப் பாம்பென்றால் பயம் என்று கேள்விப்பட்டு, பொம்மைப் பாம்பு செய்து தூக்கி எறிந்து பயிற்சி எடுக்கிறாள்!

நீங்கள் அடுத்து எதைப் படிக்கலாம் என்றால், மியா கசுகி எழுதிய ‘புக்வார்ம்’. நூலகராகப் போகும் மகிழ்ச்சியில் இருந்த பெண் நிலநடுக்கத்தில் புத்தகங்கள் மேலே சரிந்து சாகிறாள். மைன் என்ற சோனிக் குழந்தையாக, ஒரு காவல் வீரரின் மகளாகக் கண் விழிக்கிறாள். வீட்டில் புத்தகம் இல்லை. தெருவிலும் இல்லை. அம்மாவுக்குப் புத்தகம் என்றால் என்னவென்றே தெரியாது. அது பிரபுக்களின் பொருள். சரி, நாமே செய்வோம் என்று கிளம்புகிறாள். புல் நாரைப் பின்னிப் பார்க்கிறாள், உள்ளங்கை அகலம் வருவதற்குள் உடம்பு தாங்கவில்லை. களிமண் பலகையில் எழுதினால் தெருப் பையன்கள் மிதித்துவிடுகிறார்கள். மறுபடி செய்து அடுப்பில் சுட்டால் வெடிக்கிறது. மரச்சில்லுகளில் எழுதிச் சேர்த்து வைத்தால் அம்மா விறகென்று எரித்துவிடுகிறாள். இவளிடம் சக்தி இல்லை, மூச்சிரைக்காமல் தெருமுனை வரை போகக்கூட முடியாது. இருப்பது படித்த ஞாபகம் மட்டும்.

இன்னொன்றும் இந்த நாவலில் உண்டு. மற்றவர்கள் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போவது: அந்த உடம்பின் சொந்தக்காரி எங்கே? காகிதம் செய்ய உதவும் பக்கத்து வீட்டுப் பையன் லுட்ஸ், ஒருநாள் கண்டுபிடித்துவிடுகிறான். இவ்வளவு விஷயம் மைனுக்குத் தெரியாது, நீ யார், என் மைனைத் திருப்பிக் கொடு என்கிறான். அவளால் பொய் சொல்ல முடியவில்லை. அந்தக் குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. கடைசியில் அவனே யோசித்து, தான் அதிகம் பழகியது இவளோடுதான், தன் மைன் இவள்தான் என்று முடிவு செய்கிறான். ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்கு இடையில் நடக்கும் பேச்சு இது.

மொத்தம் 33 தொகுதிகள், கதை முடிந்துவிட்டது. முதல் தொகுதியில் அவள் பாதி நேரம் படுக்கையில்தான் இருப்பாள், பொறுத்துக்கொள்ளுங்கள். மகனிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அவனையும் படிக்கச் சொல்லுங்கள், ஆனால் பன்னிரண்டு மணிக்கு மேல் வேண்டாம்.