அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்குக் கடைக்காரர் சம்பளம் பிடிக்கலாமா?

கேள்வி: மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் நான்கு வருடமாக விற்பனையாளராக இருக்கிறேன். கள்ளழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்குக் கலெக்டர் உள்ளூர் விடுமுறை விட்டிருந்ததால் நானும் இன்னும் இரண்டு பேரும் கடைக்குப் போகவில்லை. முதலாளி ஆளுக்கு இரண்டு நாள் சம்பளம் பிடித்துவிட்டார். சரியா?

பதில்: ஒரு நாள் பிடித்தது சரியாக இருக்கலாம். இரண்டாம் நாள் பிடித்தது சரியே இல்லை.

கலெக்டர் அறிவிக்கும் உள்ளூர் விடுமுறை மாநில அரசு அலுவலகங்களுக்கும் பள்ளி, கல்லூரிகளுக்கும்தான். செலாவணி முறிச் சட்டப்படி (வங்கிகளுக்கான விடுமுறை இதன்படிதான்) வரும் பொது விடுமுறை அல்ல என்று அந்த உத்தரவிலேயே எழுதியிருக்கும். அதனால்தான் அன்றைக்கு வங்கி திறந்திருக்கிறது. தனியார் கடையை அது கட்டுப்படுத்தாது.

உங்களுக்குப் பொருந்துவது 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய, பண்டிகை விடுமுறைகள்) சட்டம். பெயரில் தொழில் நிறுவனம் என்றிருந்தாலும் கடைகளும் இதில் அடக்கம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்களோடு ஐந்து பண்டிகை நாள்களும் சம்பளத்துடன் விடுமுறை. அந்த ஐந்து எவை என்பதை முதலாளி, தொழிலாளி இரு தரப்பையும் கேட்டுத் தொழிலாளர் ஆய்வாளர் குறிக்க வேண்டும். நடைமுறையில் முதலாளி எழுதிக் கொடுப்பதே பட்டியலாகிவிடுகிறது; ஊழியர்கள் யாரும் வாய் திறப்பதில்லை.

முதலில் கடையில் ஒட்டியிருக்கும் அந்தப் பட்டியலைப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அதுவே ஒரு புகாருக்குப் போதும். அழகர் இறங்கும் நாள் அதில் இருந்தால் ஒரு ரூபாய்கூடப் பிடிக்க முடியாது. அன்று வேலைக்குக் கூப்பிட வேண்டுமானால் 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் அறிவிப்புத் தந்து, அதன் நகலை ஆய்வாளருக்கும் அனுப்பியிருக்க வேண்டும். அப்படி வேலை செய்தவருக்கு இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளமும் மாற்று விடுப்பும். எது வேண்டும் என்பது தொழிலாளியின் விருப்பம்.

பட்டியலில் இல்லை என்றால் வராத ஒரு நாளுக்கு மட்டும் பிடிக்கலாம். பழைய 1936ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டமானாலும் இப்போதைய ஊதியச் சட்டத் தொகுப்பானாலும், எத்தனை நாள் வரவில்லையோ அந்த அளவுக்குத்தான் பிடித்தம். பத்துப் பேரோ அதற்கு மேலோ பேசி வைத்துக்கொண்டு, தகுந்த காரணமும் முன்னறிவிப்பும் இல்லாமல் வேலைக்கு வராமல் நின்றால் எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்க வழி உண்டு. நீங்கள் மூன்றே பேர், அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு இரண்டின் நகலோடு மதுரையிலுள்ள தொழிலாளர் உதவி ஆய்வாளரிடம் எழுத்தில் மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழிப் புகார் நிற்காது.

அடுத்த சித்திரைக்கு, டிசம்பருக்குள் ஊழியர்கள் சேர்ந்து கையெழுத்திட்டு அழகர் இறங்கும் நாளை ஐந்தில் ஒன்றாகச் சேர்க்கக் கேளுங்கள். பௌர்ணமியை ஒட்டித் தேதி மாறும் என்பதால் தேதிக்குப் பதில் திருவிழாவின் பெயரைக் குறிப்பிடுங்கள். சேர்க்க மறுத்தால் 1947ஆம் ஆண்டுக் கடைகள் சட்டப்படி தகுந்த காரணத்துக்காக வருடத்துக்கு 12 நாள் வரை சம்பளத்துடன் விடுப்பு உண்டு. கடையில் ரம்ஜானோ கிறிஸ்துமஸோ பட்டியலில் விடுபட்டவர்களுக்கும் இதுதான் வழி. முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.