கதிர் சிகிச்சை எடுக்கும்போது ப்ரோபயாடிக் குடலைக் காப்பாற்றுமா, வீட்டுத் தயிரே போதுமா?

அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், அடுத்த வாரம் கதிர் சிகிச்சை தொடங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். குடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள கிருமிகளைத்தான் ப்ரோபயாடிக் என்கிறார்கள், அதைப் பற்றி இன்றைக்கே டாக்டரிடம் கேளுங்கள். வயிறு கெட்ட பிறகு மெடிக்கல் ஸ்டோருக்கு ஓடாதீர்கள், நாங்கள் அதைத்தான் செய்தோம்.

என் மைனிக்கும் (மதினி) இதே நோய்தான். மார்த்தாண்டத்தில் இருந்து திருவனந்தபுரத்துக்கு வாரம் 5 நாள் வீதம் 25 நாள் போய் வர வேண்டும். மூன்றாவது வாரம், பாலராமபுரம் தாண்டும்போது என் கையைப் பிடித்து "மக்ளே, இப்பமே இறங்கணும்" என்றார். இறங்கினோம், ஒரு பெட்டிக்கடைக்காரம்மா தன் வீட்டுக்குள் கூட்டிப் போனார். அந்த அம்மாவை நான் மறக்க மாட்டேன். அதற்குப் பிறகு பயத்தில் மைனி தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார். ஆனால் கதிர் கொடுக்கும் நேரத்தில் மூத்திரப்பை நிறைந்திருந்தால்தான் குடல் மேலே தள்ளப்பட்டு, கதிர் படும் இடத்தை விட்டு விலகி நிற்கும். அதனால் திரும்பத் திரும்பத் தண்ணீர் குடிக்க வைத்து வெளியே உட்கார வைத்தார்கள்.

குடலின் உள்தோல் நாலைந்து நாளுக்கு ஒருமுறை புதிதாக முளைப்பது. அப்படி வேகமாகப் பெருகும் செல்களைத்தான் கதிர் முதலில் பாதிக்கிறது. அந்த உள்தோல் மெலிந்தால் தண்ணீரை உறிஞ்ச முடியாமல் வயிற்றாலை போகும், குடலில் இருக்கிற கிருமிகள் ரத்தத்துக்குள் நுழையவும் வழி கிடைத்துவிடும்.

ப்ரோபயாடிக் இதைக் குறைக்கிறதா என்றால், இத்தாலியில் 490 பேரிடம் நடந்து 2007இல் வெளிவந்த ஆய்வில், முதல் நாளிலிருந்தே நல்ல பாக்டீரியாக் கலவை எடுத்தவர்களில் 100க்கு 32 பேருக்குத்தான் வயிற்றோட்டம் வந்தது, மருந்தில்லாத பொடி எடுத்தவர்களில் 52 பேருக்கு. எலிகளிடம் செய்து பார்த்ததில் லாக்டோபாசிலஸ் என்கிற நல்ல பாக்டீரியாவைக் கதிருக்கு முன்னால் கொடுத்தபோதுதான் குடல் தாங்கியது, பின்னால் கொடுத்துப் பலனில்லை. அதே சமயம் 2008இல் ஸ்பெயினில் வேறொரு லாக்டோபாசிலஸ் சேர்த்த தயிர்ப் பானம் கொடுத்துப் பார்த்தார்கள், மலம் கொஞ்சம் கெட்டியானதே தவிர வயிற்றோட்டம் வருவது குறையவில்லை. அதனால் எந்தக் கிருமி, எவ்வளவு, எப்போது என்பதுதான் விஷயம். நம் வீட்டுத் தயிரில் எந்தக் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல முடியாது, அதை மருந்துக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆனாலும் வயிறு கெட்டிருக்கும்போது பால் ஒத்துக்கொள்ளாது, பால் சர்க்கரையைச் செரிக்கிற நொதி குறைந்துவிடும், அப்போது தயிர் பாலைவிட நல்லது.

இனி முக்கியமானது. அன்று ஊருக்கு வந்ததும் நானே ஒரு கடையில் கேப்சூல் வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் அட்டையைப் பார்த்த டாக்டர் உடனே நிறுத்தச் சொன்னார். அது சாக்கரோமைசிஸ் என்கிற ஈஸ்ட். கதிரோடு கூடவே வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்கிற கீமோ மருந்தும் ஏறிக்கொண்டிருந்ததால் மைனிக்கு, தொற்றை எதிர்க்கிற ரத்த வெள்ளணு குறைந்திருந்தது. அந்த நிலையில் உயிருள்ள கிருமியை விழுங்கினால் அதுவே ரத்தத்தில் கலந்து தொற்றாகலாம், கழுத்து நரம்பில் குழாய் போட்டிருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். எனக்குக் கை நடுங்கிவிட்டது. நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தானே கொடுத்தேன். வெள்ளணு குறைந்திருக்கும் நாட்களில் ராத்திரி ஊற வைத்த பழங்கஞ்சியும் வேண்டாம், சுடச்சுட வடித்த சம்பா அரிசிக் கஞ்சி போதும்.

டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: அம்மாவுக்கு வெள்ளணு எவ்வளவு, ப்ரோபயாடிக் கொடுக்கலாமா, கொடுக்கலாம் என்றால் எந்த இனம். கடைக்காரர் தருவதை வாங்காமல் அவர் எழுதித் தருவதை மட்டும் வாங்குங்கள். வயிற்றாலை தொடங்கினால் ஓஆர்எஸ் கொடுத்து அன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள், காய்ச்சலும் சேர்ந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அப்புறம், முடிந்தால் பஸ்ஸில் போகாதீர்கள். கடைசிப் பத்து நாள் நாங்கள் குழித்துறையில் ரயில் ஏறினோம். பெட்டியிலேயே கழிப்பறை இருக்கிறது என்ற தைரியம் வந்த பிறகுதான் மைனி மறுபடியும் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.